கிழக்கே கறுத்தால் உனக்கு மழை

படிப்புக்காக பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கிய நாளிலிருந்து, பிற்பகல் மூன்று மணி வாக்கில் பாட்டியிடமிருந்து அழைப்பு வரும். நலமா, சாப்பிட்டாயா என்ற விசாரிப்பெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“துணிய எடுத்துட்டியாம்மா?”

நான் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். வெயில் கொளுத்தும். பின்கட்டுக் கொடியில் என் துணிகள் காய்ந்து விறைத்துக் கிடக்கும். “இங்க நல்ல வெயில் பாட்டி, மழையெல்லாம் இல்ல” என்பேன். “சரி, எதுக்கும் எடுத்து வச்சிரு” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நான் மறுபடியும் பாடத்தில் மூழ்கிவிடுவேன். முக்கால் மணி நேரத்தில் இடி இடிக்கும். ஓடிப் போய்ப் பார்த்தால் துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்.

பாட்டி இருந்தது கேரி தீவில். நேர்கோட்டில் பார்த்தாலே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம். அங்கே உட்கார்ந்துகொண்டு என் தலைக்கு மேல் மழை வரப்போவது அவருக்கு எப்படித் தெரிந்தது? தொலைக்காட்சியில் பார்த்திருப்பார் என்று நானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டேன். அவரைக் கேட்கவில்லை. கேட்காமலே ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

நமக்கு வசந்தம் உண்டா?

தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தனர்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இவற்றில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். இதைத் தேர்வில் எழுதி நானும் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பனிக்காலமே தெரியாது. பனி தெரியாதவளுக்கு இளவேனிலின் அருமை எங்கே தெரியப்போகிறது? ஆண்டு முழுவதும் நமக்கு ஒரே வெயில், ஒரே மழை என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்படி இல்லை. மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரை நம் வானம் வேறு விதமாக நடந்துகொள்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று மார்ச்சில் ஓய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மே இறுதியில்தான் தொடங்குகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில் காற்று வலுவில்லாமல் திசை மாறி மாறி வீசும்.

அதே நேரத்தில் சூரியன் நம் உச்சிக்கு வருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 3 பாகையில் இருக்கிறது. அதனால் மார்ச் 28ஆம் தேதியை ஒட்டி, பிற்பகல் 1.20 மணி வாக்கில், சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். அந்த நேரத்தில் பள்ளித் திடலில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். நிழலே விழாது. ‘நண்பகல்’ என்றால் 12 மணி என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு நல்ல சோதனை. நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது.

உச்சி வெயிலில் நிலம் சூடேறும். மலாக்கா நீரிணையிலிருந்து ஈரக்காற்று உள்ளே வரும். சூடான நிலத்தின் மேல் அந்த ஈரக்காற்று மேலெழுந்து மேகமாகத் திரளும். தள்ளிக்கொண்டு போகப் பெருங்காற்று இல்லாததால், மேகம் நின்ற இடத்திலேயே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து வளரும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு இடியோடு கொட்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை மிகுந்த இரண்டு காலங்களில் ஏப்ரலும் ஒன்று. மற்றொன்று அக்டோபர், நவம்பர். சுபாங் வட்டாரத்தில் ஆண்டில் ஏறக்குறைய 200 நாள் இடி கேட்கும் என்பார்கள். உலகில் இடி மிகுந்த இடங்களில் நாமும் இருக்கிறோம்.

சில ஆண்டுகளில் எல் நினோ வந்தால் அந்த மழையும் பொய்த்துவிடும். 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ், சூப்பிங்கில் பதிவான 40.1 பாகை செல்சியஸ்தான் இந்நாட்டின் உச்ச வெப்ப அளவு. 2016 ஏப்ரலில் வெயில் தாங்காமல் பெர்லிஸிலும் கெடாவின் சில மாவட்டங்களிலும் பள்ளிகளை மூடினார்கள்.

ஆக, நம் இளவேனில் என்பது காலையில் புழுக்கம், நண்பகலில் நெருப்பு, மாலையில் இடி. இந்த வாரங்களில்தான் சித்திரைப் புத்தாண்டும் வருகிறது.

தீவில் ஒரு சித்திரை

சித்திரை முதல் நாளுக்கு நம் நாட்டில் பொது விடுமுறை கிடையாது. அதனால் எங்கள் குடும்பத்தில் அதற்கு அடுத்தோ முந்தியோ வரும் ஞாயிறுதான் புத்தாண்டு. 2024இல் அதிர்ஷ்டம். ஏப்ரல் 14ஆம் தேதியே ஞாயிற்றுக்கிழமை. நோன்புப் பெருநாள் 10ஆம் தேதி முடிந்து, பலருக்கு இன்னும் விடுமுறை மிச்சம் இருந்தது. ஈப்போவிலிருந்து பெரியம்மா குடும்பம், சிரம்பானிலிருந்து சின்னம்மா குடும்பம், கிள்ளானிலிருந்து நாங்கள் என்று மொத்தம் இருபத்து மூன்று பேர் தீவில் கூடினோம்.

கேரி தீவை அறியாதவர்களுக்கு: கிள்ளானிலிருந்து பந்திங் சாலையில் போய், தெலுக் பங்லிமா காராங் அருகே திரும்பி, லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் தீவு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தோட்டம் போட்ட ஆங்கிலேயர் எட்வர்ட் வாலன்டைன் கேரியின் பெயர்தான் தீவுக்கு நிலைத்துவிட்டது. முன்பு ரப்பர் இருந்த நிலம். இன்று கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை. வெளியூர்க்காரர்கள் நண்டு, இறால் சாப்பிட வருவார்கள். சுங்கை பும்புன் கிராமத்தில் மா மெரி பூர்வகுடி மக்கள் செதுக்கும் மர முகமூடிகளைப் பார்க்க வருவார்கள். எங்களுக்குத் தீவு என்றால் பாட்டி வீடு.

அது தோட்டத்து வீடு. மாமா செம்பனை ஆலையில் வேலை செய்ததால் கிடைத்த வீடு. அதற்கு முன் தாத்தா வேலை செய்ததால் கிடைத்தது. முன்னால் சின்னத் திண்ணை, பின்னால் மாமரம், அதை ஒட்டிக் கோழிக்கூண்டு. அந்த மாமரத்துக் காயில்தான் புத்தாண்டுப் பச்சடி. வேப்பம்பூ கோயில் மரத்திலிருந்து வரும். பிள்ளைகள் பச்சடியில் இருக்கும் வெல்லத்தை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு வேப்பம்பூவை ஒதுக்குவதும், பாட்டி அதட்டுவதும் ஆண்டுதோறும் நடக்கும்.

அந்த முறை சாப்பாடு முடிந்ததும் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “டிசம்பரோட எனக்கு அறுபது முடியுது. வீட்ட ஒப்படைக்கணும்.”

யாரும் உடனே பேசவில்லை. தோட்டத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தெரிந்திருப்பது வேறு, தேதி சொல்லிக் கேட்பது வேறு. பாட்டி அந்தத் தீவுக்கு மருமகளாக வந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்று பிற்பகல் எல்லாரும் வெயிலுக்குப் பயந்து உள்ளே படுத்துவிட்டார்கள். பாட்டி மட்டும் மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன்.

“பாட்டி, எங்க ஊர்ல மழை வருதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் சிரித்துவிட்டு, செம்பனை மரங்களுக்கு மேலே கையைக் காட்டினார். தூரத்தில், வெள்ளைச் சோற்றைக் குவித்து வைத்தது போல் ஒரு மேகம் உயர்ந்து நின்றது. அதன் அடிப்பாகம் கறுத்திருந்தது.

“அது கோலாலம்பூர் மேல நிக்குது. கிழக்கே கறுத்தா உனக்கு மழை. மேற்கே கறுத்தா எனக்கு மழை. உனக்கு சாயங்காலம் பெய்யும். எனக்கு விடியக்காலைல பெய்யும். அவ்வளவுதான்.”

சரியாகச் சொன்னால் கோலாலம்பூர் தீவுக்கு வடகிழக்கே இருக்கிறது. பாட்டிக்கு அந்தப் பக்கம் முழுவதும் கிழக்குதான். மற்றபடி அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பகலில் கடற்காற்று ஈரத்தைக் கரையிலிருந்து உள்நாட்டுக்குத் தள்ளுகிறது. அதனால் மேகம் மலையடிவாரத்தை ஒட்டிய கோலாலம்பூர்ப் பக்கம் திரண்டு மாலையில் பெய்கிறது. இரவில் நிலம் குளிர்ந்துவிடும். கடல் சூடாகவே இருக்கும். அப்போது மேகம் மலாக்கா நீரிணையின் மேல் திரண்டு, விடியற்காலையில் கரையோரத்தில் பெய்கிறது. சுமத்ராப் பக்கமிருந்து பலத்த காற்றோடு வரிசையாக வரும் மழைமேகங்களுக்கு வானிலைத் துறையினர் ‘சுமத்ரா’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளியில் ஆறாம் வகுப்பைத் தாண்டாத பாட்டி, இதை ஐம்பது ஆண்டுகளாக மாமரத்தடியிலிருந்து பார்த்துத் தெரிந்து வைத்திருந்தார்.

தாத்தாவின் நிலவு

அன்று பேச்சு தாத்தாவைப் பற்றிப் போயிற்று. தாத்தா மதகு பார்த்தவர். தீவின் பெரும்பகுதி தாழ்ந்த வண்டல் நிலம். கடல் உள்ளே வராமல் கரை கட்டி, மதகு வைத்துத்தான் தோட்டம் நடக்கிறது. கடல் இறங்கும்போது மதகைத் திறந்து வாய்க்கால் நீரை வெளியே விட வேண்டும். கடல் ஏறும்போது மூட வேண்டும். கிள்ளான் துறைமுகப் பக்கம் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு நான்கு, ஐந்து மீட்டர்வரை போகும். மூடத் தவறினால் உப்புநீர் மரங்களுக்குப் போய்விடும்.

“உங்க தாத்தாக்குக் காலண்டர் வேணாம். நிலாவப் பாத்துட்டு, இன்னைக்கு ராத்திரி எத்தன மணிக்கு எழுந்திரிக்கணும்னு சொல்லுவாரு” என்றார் பாட்டி.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருவதால் கடல் மிக உயரமாக ஏறும். இதை ஆங்கிலத்தில் ஸ்பிரிங் டைட் என்பார்கள். வசந்தத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை; பொங்கி எழுவது என்ற பொருளில் வந்த சொல். ஆனால் பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி இந்த ஏற்றம் இன்னும் பெரிதாக இருக்கும் என்பது உண்மை. பங்குனியும் சித்திரையும் வந்தால் தாத்தா சரியாகத் தூங்கமாட்டாராம்.

இதே வாரங்களில் தீவைச் சுற்றி உள்ளவர்களும் உறவைத் தேடித்தான் போகிறார்கள். சீனப் பெருநாளுக்குச் சில வாரங்கள் கழித்து மா மெரி மக்களுக்கு ஹாரி மோயாங் வரும். வெளியூரில் வேலை செய்பவர்கள் கிராமத்துக்குத் திரும்பி, மூதாதையரை வணங்கி, பாடி ஆடுவார்கள். ஏப்ரல் 4 அல்லது 5இல் சீனர்களுக்குச் செங் பெங். குடும்பம் குடும்பமாக முன்னோரின் கல்லறைக்குப் போய்ப் புல் செதுக்கிப் படையல் வைப்பார்கள். பத்து நாளில் நமக்குச் சித்திரை.

செங் பெங் என்பது, மார்ச் 20ஐ ஒட்டி வரும் சமபகலிரவு நாளிலிருந்து பதினைந்து நாள் கழித்து வருவது. நம் புத்தாண்டோ சூரியன் மேஷ ராசியில் நுழையும் நாள். ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் அந்த நாளும் சமபகலிரவை ஒட்டியே இருந்தது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் தள்ளித் தள்ளி இன்று ஏப்ரல் 14இல் வந்து நிற்கிறது. சூரியனைப் பார்த்து நாள் குறித்தவர்கள் எல்லாரும், அந்த நாளில் வீட்டுப் பெரியவர்களிடம் போக வேண்டும் என்றும் சேர்த்தே குறித்து வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாவது மாடி

டிசம்பரில் மாமா கிள்ளானில் அடுக்குமாடி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். ஐந்தாவது மாடி, மின்தூக்கி கிடையாது. கோழிகளை அண்டை வீட்டுக்குக் கொடுத்தார்கள். பாட்டியின் நாற்காலி மட்டும் வண்டியில் வந்தது. மாமாவும் அத்தையும் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். மாமா காவலர் வேலைக்குப் போனார். அத்தை ஓர் உணவகத்தில் சேர்ந்தார். பகலில் பாட்டி தனியாக இருந்தார்.

ஐந்து மாடி இறங்கி ஏற முழங்கால் இடம் கொடுக்கவில்லை. சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். கிழக்கும் தெரியாது, மேற்கும் தெரியாது. பிற்பகல் மூன்று மணிக்கு அழைப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆனால் கேள்வி மாறிவிட்டது.

“அங்க மழையாம்மா?”

நான் கைப்பேசியில் வானிலைச் செயலியைப் பார்த்து, “அறுபது விழுக்காடு பாட்டி” என்பேன். “அப்படியா” என்பார். அதற்கு மேல் பேச்சு நகராது. ஒருநாள் அம்மாவிடம், பாட்டி தினமும் மழையைப் பற்றியே கேட்கிறார் என்று சலிப்போடு சொன்னேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “மழையப் பத்தியா கேக்குறாங்க? நீ எப்ப வர்றன்னு கேக்குறாங்க” என்றார்.

அப்போதும் நான் போகவில்லை. இடைத்தேர்வு இருந்தது. ஒப்படைப்பு இருந்தது. சித்திரைக்கு எப்படியும் போகத்தானே போகிறோம் என்ற எண்ணம் இருந்தது.

மார்ச் மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. அத்தை வேலை முடிந்து வந்தபோது பாட்டி சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து கிடந்தார். பேச்சுக் குழறியது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். உடலில் நீர் வற்றி, வெப்பம் தாக்கியிருக்கிறது என்றார்கள். நரம்பு வழியாக நீர் ஏற்றி, மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மருத்துவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மேலே வெறும் கூரை. பகல் முழுவதும் அது வெயிலை வாங்கி வீட்டுக்குள் இறக்கியது. கதவைத் திறந்து வைக்கப் பாட்டிக்குப் பயம். வயது ஏற ஏறத் தாகம் குறைவாகவே தெரியும் என்றும், உடல் வேர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதும் குறையும் என்றும் மருத்துவர் விளக்கினார். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் உடலின் நீரை மேலும் வெளியேற்றும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை, மூன்று நாள் தொடர்ந்து உச்ச வெப்பம் 35 பாகையைத் தாண்டினால்தான் எச்சரிக்கை விடும். கூரைக்கு அடியில் உள்ள ஒரு சமையலறை அதற்காகக் காத்திருப்பதில்லை.

மருத்துவமனை இருக்கையில் உட்கார்ந்து ஒன்றை யோசித்தேன். தீவில் வெயில் குறைவா? இல்லை. ஆனால் அங்கே எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று பாட்டிக்குத் தெரியும். காலையில் திண்ணை, பத்து மணிக்குள் சமையல், பகலில் மாமரத்தடி, மாலையில் மறுபடி திண்ணை. போவோர் வருவோர் எல்லாரும் “பாட்டி, தண்ணி குடிச்சீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஐம்பத்தைந்து ஆண்டு அறிவு அந்த இடத்தோடு ஒட்டியிருந்தது. அவரை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்து ஐந்தாவது மாடியில் வைத்துவிட்டோம்.

சனிக்கிழமை கொமுட்டர்

அந்த வாரத்திலிருந்து பேரப்பிள்ளைகள் நாங்களே ஒரு முறை வகுத்துக்கொண்டோம். ஆளுக்கு ஒரு நாள். எனக்குச் சனிக்கிழமை. கே.எல். சென்ட்ரலில் கிள்ளான் துறைமுகம் போகும் கொமுட்டர் ஏறினால், வண்டி மாறாமல் கிள்ளானில் இறங்கலாம். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போகிறேன். உண்மையைச் சொன்னால், அறையில் படிப்பதைவிட வண்டியில் அதிகம் படிக்கிறேன்.

போய்ப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. சன்னல்களைத் திறந்து விடுவேன். வெயில் படும் சன்னலுக்குத் தடித்த திரை போட்டோம். ஒரு போத்தலில் கோடு போட்டு, பத்து மணிக்கு இதுவரை, ஒரு மணிக்கு இதுவரை என்று பாட்டி குடிக்க வேண்டிய அளவைக் குறித்து வைத்திருக்கிறோம். எவ்வளவு நீர் என்பதை மருத்துவர் சொல்லித்தான் குறித்தோம். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும். வியர்வை நின்று, உடல் சுட்டு, பேச்சுக் குழறினால் காத்திருக்காமல் 999 என்று மாமா சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

மற்ற நேரமெல்லாம் பேச்சுதான். பாட்டி சொல்வதை ஒரு நோட்டில் எழுதுகிறேன். பாலம் வருவதற்கு முன் படகில் போனது, தாத்தா பார்த்த நிலவு, எந்த மாதத்தில் எந்தப் பக்கம் காற்று. முதலில் “இதெல்லாம் எதுக்கும்மா?” என்றார். இப்போது நான் போனதும், “நோட்ட எடு, போன வாரம் ஒண்ணு விட்டுப்போச்சு” என்கிறார்.

2025இல் புத்தாண்டு திங்கட்கிழமை வந்தது. முதல் நாள் ஞாயிறு காலையில் பாட்டியைக் கீழே இறக்கினோம். ஒவ்வொரு மாடியிலும் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து, ஓய்வெடுக்க விட்டு, இறக்கினோம். தீவுக்குப் போய்க் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பழைய வீட்டுப் பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டினார் மாமா. வாசலில் வேறு செருப்புகள். திண்ணையில் ஓர் இந்தோனேசியத் தொழிலாளி தன் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வண்டியிலிருந்து இறங்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தோம். பாட்டி கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். அவர் பார்த்த பார்வையிலேயே அந்த மனிதருக்குப் புரிந்திருக்க வேண்டும். எழுந்து வந்து, “நேனேக், மாசோக்” என்று உள்ளே அழைத்தார். பாட்டி போகவில்லை. பின்கட்டுக்குப் போய் மாமரத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் மனைவி ஒரு பையில் பத்துப் பதினைந்து மாங்காய் பறித்துக் கொடுத்தார். பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்களே, அப்படி.

புறப்படும்போது பாட்டி நின்று வானத்தைப் பார்த்தார். காலை ஒன்பது மணி. எங்கள் தலைக்கு மேல் வெயில். கொடியில் அந்த வீட்டுத் துணிகள். செம்பனை மரங்களுக்கு அப்பால், கடல் பக்கம் மேற்கே கறுத்திருந்தது. பாட்டி அந்தப் பெண்ணிடம் தன் தோட்டத்து மலாயில் சொன்னார்: “அங்காட் காய்ன். ஹுஜான் மாவ் டாத்தாங்.”

அந்தப் பெண் வெயிலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். நாங்கள் பாலம் ஏறுவதற்குள் கண்ணாடியில் பெரிய பெரிய துளிகள் விழத் தொடங்கின. அவர் துணியை எடுத்தாரா என்று தெரியவில்லை. பாட்டி மாங்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கிள்ளான் வரும்வரை அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தோட்டத்திலோ, கம்பத்திலோ, பழைய வீட்டிலோ வாழ்ந்த ஒரு பெரியவர் இருப்பார். அந்த வீடு இருக்கும்போதே போய்க் கேளுங்கள். வீடு போய்விட்டதென்றால் அவர் இருக்கும் மாடிக்குப் போய்க் கேளுங்கள். எந்தப் பக்கம் கறுத்தால் மழை வரும் என்று தொடங்குங்கள். மற்றதை அவரே சொல்வார். போகும்போது சன்னலைத் திறந்து, ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள்.

இப்போது பிற்பகல் மூன்று மணிக்கு நான்தான் அழைக்கிறேன். சன்னலோரம் நின்றுகொண்டு, எந்தப் பக்கம் மேகம், எவ்வளவு உயரம், அடிப்பாகம் என்ன நிறம் என்று பாட்டிக்குச் சொல்கிறேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பதில் சொல்கிறார். நேற்று, “இன்னைக்கு இல்ல, காயட்டும்” என்றார்.

காய்ந்துவிட்டது.